தேனீப் பெட்டியை உப்பளம் ஆக்காதீங்க

தேனீக்குச் சீனிப்பாகு கொடுப்பது பற்றிப் பேச்சு வந்தால், வெள்ளைச் சீனியா கருப்பட்டியா என்பதில்தான் வாதம் சூடு பிடிக்கும். பாகில் பாதி தண்ணீர். அது எந்தத் தண்ணீர் என்று யாரும் கேட்பதில்லை. மாரியூர் மாதிரிக் கடலோர ஊரில் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதானுங்க.

நம்ம பக்கத்துப் போர்த் தண்ணீர் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. பக்கத்து நரிப்பையூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையமே வைக்க வேண்டி வந்தது. இருந்தும், "தேனீ தானா போய் உப்புத் தண்ணி குடிக்குதே, பாகில் இருந்தால் என்ன?" என்று கேட்கிறார்கள். உண்மைதான், லேசான உப்புள்ள நீரைத் தேனீ விரும்பும். ஆனால் வெளியே குடிக்கும்போது வேண்டிய அளவு எடுக்கும், வேண்டாததை விட்டுவிடும். பாகில் கலந்து கொடுத்தால் அதற்கு வேறு வழியில்லை.

வங்கியில் இருந்தவனுக்குக் கணக்குப் போடாமல் இருக்க முடியாது. ஒரு லிட்டர் தண்ணீரில் 2000 மில்லிகிராம் உப்பு என்று வைப்போம். அதில் ஒரு கிலோ சீனி கரைக்கிறோம். தேனீக்கள் சிறகால் விசிறி நீரை ஆவியாக்கி, தேன் பதத்துக்குக் கொண்டுவந்து அறையில் சேமிக்கும்போது மிஞ்சும் நீர் ஏறக்குறைய கால் லிட்டர். உப்பு மட்டும் அதே 2 கிராம். நீருக்கு உப்பு நாலு மடங்கு! பாத்தியில் வெயில் செய்கிற வேலையைப் பெட்டிக்குள் சிறகு செய்கிறது. சீரணமாகாத அந்த உப்பு தேனீயின் குடலில் தேங்கி, வயிற்றுப்போக்கு வரும், ஆயுளும் குறையும்.

கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்பது தப்பு. கிருமி சாகும், உப்பு போகாது. நீர் சுண்டுவதால் கரிப்பு கூடவே செய்யும். கருப்பட்டியும் வெல்லமும் நமக்கு நல்லது. அவற்றிலுள்ள தாதுக்கள் தேனீக்கு ஒத்துக்கொள்ளாது. பாகுக்கு வெள்ளைச் சீனியே போதும்.

அப்போ எந்தத் தண்ணீர்? மழைத் தண்ணீர்தான். முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, ஐப்பசி, கார்த்திகை மழையைத் துணியில் வடிகட்டி மூடிய டிரம்மில் பிடித்து வையுங்கள். நாலைந்து பெட்டிக்கு இரண்டு குடம் போதும். தேவைப்படும்போது காய்ச்சி ஆறவைத்துக் கலக்கலாம். மழைநீர் இல்லையென்றால் காவிரிக் குடிநீரை ஒரு நாள் திறந்து வைத்து, குளோரின் வாடை போனபின் எடுக்கலாம். ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், பேனா அளவுதான். குடிநீரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஏற்பது லிட்டருக்கு 500 மில்லிகிராம். அதைத் தாண்டினால் பாகுக்கு வேண்டாம் என்பது என் கருத்து.

இயற்கை விவசாயி என்பவர் தேன் முழுவதையும் வழித்து எடுத்துவிட்டுப் பாகு ஊற்றுபவர் அல்ல. பூ இல்லாத காலத்துக்கென்று கொஞ்சம் தேனை அடையிலேயே விட்டு வையுங்கள். அதுவும் போதாத வருசத்துக்குத்தான் பாகு. அந்தப் பாகுக்கான மழை வருசத்தில் சில வாரம்தான் பெய்யும். ஐப்பசிக்குள் டிரம்மைக் கழுவி வைத்துவிடுங்கள்.