ஸ்டர்கேட் போதாது

சி மொழியில் எத்தனை சரங்கள் வந்தாலும் ஒட்டிவிடலாம், பெரிய பஃபரும் ஸ்டர்கேட்டும் இருந்தால் போதும் என்பது பழகிப்போன பாடம். வேகம் குறையாது, பாதுகாப்புக்கு ஸ்டர்என்கேட் இருக்கிறது, எண்ணிக்கை தெரியாவிட்டால், மாறும் எண்ணிக்கையில் மதிப்புகளை ஏற்கும் ஃபங்ஷன் எழுதிக் கடைசியில் ஒரு நல் (எதையும் சுட்டாத பாயிண்டர்) வைத்தால் தீர்ந்தது என்று அதற்கு உரையும் சொல்வார்கள். இதில் ஒன்றுகூட முழுசாக நிற்காது.

ஸ்டர்கேட்டுக்கு ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு முறையும் பஃபரின் முதல் எழுத்திலிருந்து முடிவைத் தேடிப் போகும். பத்துப் பத்து எழுத்தாக 1,000 சரங்களை ஒட்டினால் கிடைப்பது 10,000 எழுத்து. தேடலில் மட்டும் கடப்பது சுமார் 50 லட்சம். மூன்று சரத்துக்கு இது பொருட்டில்லைதான். ஆனால் பேச்சே ‘எத்தனை வந்தாலும்’ என்பதாயிற்றே!

ஸ்டர்என்கேட்டுக்குத் தரும் எண் பஃபரின் அளவு அல்ல, புதிதாகச் சேரும் எழுத்துகளின் உச்சவரம்பு. 64 பைட் பஃபரில் ஏற்கெனவே 40 எழுத்து இருக்க, 64 என்று கொடுத்து இன்னொரு 40 எழுத்தை ஒட்டச் சொன்னால் மறுபேச்சின்றி எல்லை தாண்டும். மீதம் 24 என்று கணக்காகக் கொடுத்தாலும், முடிவுக்குறியான பூஜ்யம் ஒரு பைட் வெளியே விழும். 23 என்று கொடுத்தால்தான் தப்பலாம்.

நல் விஷயம்தான் வில்லங்கம். மாறும் எண்ணிக்கையில் வரும் மதிப்புகளின் வகையைக் கம்பைலர் சரிபார்ப்பதில்லை. நல்லை வெறும் 0 என்று வரையறுக்கவும் சி தரம் இடம் தருகிறது. வழக்கமான 64 பிட் கணினியில் அந்த 0 நான்கு பைட் முழு எண். பாயிண்டரோ எட்டு பைட். இன்டெல் வகை 64 பிட் லினக்ஸில் முதல் ஆறு மதிப்புகள் ரெஜிஸ்டரில் போவதால் பெரும்பாலும் பிழைத்துவிடும். ஏழாவது ஸ்டாக்கில் போகும். அங்கே மேல்பாதியில் பழைய குப்பை கிடந்தால், முடிவென்று தெரியாமல் கண்ட முகவரியைப் படிக்கும். மூன்று சரத்தோடு சோதித்தவர் கண்ணில் இது படவே படாது. ஜிசிசி 4.0-இல் வந்த ‘சென்டினல்’ குறிப்பை ஃபங்ஷனுக்குச் சேர்த்தால் இதற்கு எச்சரிக்கை வரும். நடுவில் வரும் நல்லுக்கு அதுவும் உதவாது: கேட்ட சூழல் மாறி இல்லையென்றால் கெட்என்வி நல் தரும், அதை அப்படியே நடுவில் கொடுத்தால் அதற்குப் பிந்திய சரங்கள் சத்தமில்லாமல் காணாமல் போகும். ஜிலிப் நூலகத்தின் ஜி_ஸ்டர்கான்கேட்டும் இதற்கு விலக்கல்ல.

சரங்களை ஓர் அணியாகவும் எண்ணிக்கையைத் தனியாகவும் கொடுத்தால் நல்லை நம்பியிருக்க வேண்டாம். முதல் சுற்றில் நீளங்களைக் கூட்டி, கூட்டுத்தொகை வரம்பு மீறவில்லை என்று பார்த்து, ஒரே ஒரு மேலாக். இரண்டாம் சுற்றில் மெம்காப்பி, முடிவிடத்தை ஒரு பாயிண்டரில் வைத்துக்கொண்டு. மாறும் பட்டியலே வேண்டுமென்பவர் இரண்டாம் சுற்றுக்கு 1999 தரத்தில் வந்த விஏ_காப்பியைப் பயன்படுத்தலாம்.