ஸ்பிரிங் வாஷரை நம்பலாமா?

பள்ளிப் பட்டறையில் போல்ட் மாட்டும்போது, நட்டுக்கு அடியில் ஒரு வளையத்தைப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஓரிடத்தில் வெட்டுப்பட்டு, சற்றே முறுக்கியிருக்கும். அதுதான் ஸ்பிரிங் வாஷர். "இதைப் போட்டால் நட் கழலாது" என்பார்கள். மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் கடையிலும் இதே பேச்சுதான். பலர் சொல்கிறார்கள், கடையில் விற்கிறார்கள் என்பதற்காக ஒரு கூற்று உண்மையாகிவிடாது. இந்தச் சின்ன வளையமே அதற்குச் சான்று.

நட்டைப் பிடித்து வைத்திருப்பது எது? ஸ்பேனரால் இறுக்கும்போது போல்ட் மிகச் சிறிதளவு நீள்கிறது. இழுத்த ரப்பர் வளையம்போல் அது பழைய நிலைக்குத் திரும்ப முயல்கிறது. அந்த இழுவிசைதான் இரண்டு பாகங்களையும் சேர்த்து அழுத்துகிறது. அழுத்தம் இருந்தால் உராய்வு இருக்கும். உராய்வு இருக்கும்வரை நட் திரும்பாது.

அப்படியானால் நட் ஏன் தளர்கிறது? வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். ஒரு பலகையைச் சற்றுச் சாய்த்து, அதன்மேல் மரக்கட்டை ஒன்றை வையுங்கள். உராய்வு பிடித்துக்கொள்வதால் கட்டை நகராது. இப்போது அதைப் பக்கவாட்டில் மட்டும் தள்ளுங்கள். பக்கவாட்டில் நகரும்போதே அது கீழேயும் சறுக்கும். போல்ட்டின் மரையும் ஒரு சாய்தளம்தான். உருளையைச் சுற்றி வளைந்து செல்லும் சாய்தளம். இணைத்த பாகங்கள் பக்கவாட்டில் அசைந்து வழுக்கினால், ஒவ்வோர் அசைவிலும் நட் அந்தச் சரிவில் சிறிது இறங்கும்.

ஜெர்மானியப் பொறியாளர் ஜெர்ஹார்ட் யுங்கர் 1969ல் இதைத்தான் காட்டினார். போல்ட் இணைப்பைப் பக்கவாட்டில் அதிரவைத்து, அதன் இழுவிசை எப்படிக் குறைகிறது என்பதை அளக்கும் இயந்திரத்தை அவர் உருவாக்கினார். அத்தகைய சோதனையில் ஸ்பிரிங் வாஷர் தேறுவதில்லை. காரணம் எளிது. நட்டை முழுதாக இறுக்கியதும் வாஷர் தட்டையாகிவிடும். அதன் விசை போல்ட்டின் இழுவிசைக்கு முன் மிகச் சிறியது. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா 1990ல் வெளியிட்ட இணைப்பு வடிவமைப்புக் கையேடும், நட்டைப் பூட்ட இவ்வகை வாஷர் பயன்படாது என்றே கூறுகிறது.

பிறகு ஏன் இந்த நம்பிக்கை நீடிக்கிறது? அதிர்வு குறைந்த இடத்தில் எதைப் போட்டாலும் நட் நிற்கும். நின்றதற்கான பெருமை வாஷருக்குப் போய்விடுகிறது. வாஷர் இல்லாமலும் நின்றிருக்குமா என்று எவரும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை.

உண்மையில் உதவும் வழிகள் உண்டு. உள்ளே நைலான் வளையம் பதித்த நட், இறுக்கம் குறைந்தாலும் எளிதில் கழன்று விழாது. நட்டின் வெட்டுகள் வழியே போல்ட்டில் ஊசியைச் செருகி மடக்குவதும் அப்படியே. அமெரிக்க வேதியியல் பேராசிரியர் வெர்னன் கிரீபிள் 1953ல் உருவாக்கிய லாக்டைட் பசை, காற்றுப் படும்வரை திரவமாக இருந்து, மரைகளுக்கிடையே காற்றில்லாத இடத்தில் இறுகிவிடும். ஆனால் இவை எல்லாம் துணைதான். முதல் காப்பு, சரியான அளவு இறுக்கம். இறுக்கப் பயன்படுத்தும் முயற்சியில் ஏறத்தாழ 90 விழுக்காடு உராய்வுக்கே போகிறது. சுமார் 10 விழுக்காடுதான் போல்ட்டை நீட்டுகிறது. ஆகவே "கைக்குக் கெட்டியாக இருக்கிறது" என்பது நம்பகமான அளவு அல்ல. முக்கியமான இடங்களில் முறுக்குவிசையை அளக்கும் ஸ்பேனர் வேண்டும்.

அளவோடு சரிபார்ப்பும் வேண்டும். 2007 ஆகஸ்ட் 20 அன்று தைப்பேயிலிருந்து ஜப்பானின் நாஹா நகருக்குச் சென்ற சைனா ஏர்லைன்ஸ் விமானம், தரையிறங்கி நிறுத்துமிடத்துக்கு வந்ததும் தீப்பற்றியது. இறக்கைக்குள் விழுந்த ஒரு போல்ட் எரிபொருள் கசியக் காரணமாகியிருந்தது. விமானத்தில் இருந்த 165 பேரும் உயிர் தப்பினர். சில வாரங்களுக்கு முன்னர்தான், அந்த நட் தளரக்கூடாது என்பதற்காகவே பராமரிப்புப் பணி நடந்தது. அப்போது ஒரு வாஷர் விடுபட்டுப்போனதாக விசாரணை கருதியது. இது ஸ்பிரிங் வாஷர் அல்ல. நட் துளைக்குள் நழுவாமல் தடுக்கும் வாஷர். நட்டைவிடத் துளை பெரியது. வாஷர் இல்லாததால் போல்ட், நட்டோடு சேர்ந்தே நழுவி விழுந்தது. நட்டைப் பூட்டுவதில் காட்டிய கவனம், எல்லாப் பாகங்களும் இருக்கின்றனவா என்று பார்ப்பதில் இல்லை.

கனரக வாகனங்களின் சக்கரங்களில் மஞ்சள் பிளாஸ்டிக் அம்புகளைக் கண்டிருப்பீர்கள். நட் சிறிது திரும்பினாலும் அம்பு திசை மாறி, பார்ப்பவருக்குக் காட்டிக்கொடுத்துவிடும். நீங்களும் இதைச் செய்யலாம். உங்கள் சைக்கிளில் நட்டின் மேலிருந்து அருகிலுள்ள பாகம்வரை மார்க்கரால் ஒரு நேர்கோடு போடுங்கள். ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். கோடு விலகியிருந்தால், உடனே இறுக்கிவிட்டுப் போய்விடாதீர்கள். அங்கே எது அசைகிறது என்று தேடுங்கள். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் இறுக்கிய நட் மறுபடியும் தளரும்.