பெட்டியில் வாங்கின வண்டி யாருக்கு வேணும்?

மக்களே, இன்னிக்கு ஒரு சண்டைக்கு வந்திருக்கேன். நம்ம வீட்டுப் பையன் பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி வண்டி செஞ்சா, "இது வேலைக்காகாது, போய் கணக்கு போடு"ங்கறோம். பிறந்தநாளுக்கு மட்டும் பெரிய விலை கொடுத்து கேரவன் பொம்மை வாங்கித் தர்றோம். எந்த ஊர் நியாயம் இது?

கேரளாவில் ஃபோம் ஷீட்டை வெட்டியே கேஎஸ்ஆர்டிசி பஸ்ஸை அச்சு அசலா செய்யற பசங்க இருக்காங்க. தங்க ஊருக்கு வர்ற பஸ் வேணும்னு அவங்களே செய்யறாங்க. நாம இங்கே வாங்கற பொம்மை எந்த ஊர் ரோட்டு வண்டியோ!

2021-ல் கேரள அரசு 'கேரவன் கேரளா' திட்டத்தை அறிவிச்சது. அப்படி ஒரு கேரவன் கல்லாறு தாண்டி பொன்முடி ஏறணும்னா 22 கொண்டை ஊசி வளைவு. வண்டி எவ்வளவு நீளம் இருக்கலாம், சக்கரம் எங்கே வரணும்? பொம்மை வாங்கினவனுக்கு இந்தக் கேள்வியே வராது. செய்யறவன் யோசிச்சே ஆகணும்.

7.2 மீட்டர் வண்டியை 24-ல் ஒரு பங்கா செஞ்சா 30 சென்டிமீட்டர். 2.4 மீட்டர் அகலம் 10 சென்டிமீட்டர். கட்டில், அடுப்பு, கதவு எல்லாத்துக்கும் அதே வகுத்தல்தான். இது கணக்கு இல்லாம வேறென்னங்க?

ஸ்டைரீன் ஷீட்டை முழுசா அறுக்கவே வேண்டாம். ஸ்கேல் வெச்சு கத்தியால் கீறி மடக்கினா கோட்டிலேயே உடையும். அதுக்கான பசை பிளாஸ்டிக்கை இளக்கி ஒண்ணாக்கிடும். ஜன்னலைத் திறந்து வெச்சுக்கணும், அவ்வளவுதான்.

பேங்க்காரன் பாஷையிலேயே சொல்றேன்: பொம்மைக்கு வாங்கின அன்னிக்கே தேய்மானம் ஆரம்பம். கைப்பழக்கத்துக்கு அது கிடையாது. டியூஷனுக்குத் துரத்தறதை ஒரு ஞாயிறாவது நிறுத்திட்டு, பக்கத்தில் உட்கார்ந்து ஸ்கேலைப் பிடிங்க சாமி!