கப்பலுக்கு ஒரு நீதி, கூரைக்கு ஒரு நீதியா?



2006-ஆம் ஆண்டு, பிரெஞ்சுக் கடற்படை கழித்துப் போட்ட 'கிளெமென்சோ' என்னும் விமானந்தாங்கிக் கப்பல், உடைபடுவதற்காகக் குஜராத்தின் அலங் கடற்கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. அதற்குள் டன் கணக்கில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். தன் நாட்டில் 1997-லேயே தடை செய்த பொருளை நம் நாட்டுக் கூலிகளின் கையால் பிரித்தெடுக்கப் பார்த்தது பிரான்ஸ். எதிர்ப்பு எழுந்தது. நம் உச்ச நீதிமன்றம் கப்பலை உள்ளே விடவில்லை. அதிபர் சிராக் அதைத் திரும்ப அழைத்தார். பின்னர் இங்கிலாந்தில் உரிய பாதுகாப்போடு அது உடைக்கப்பட்டது.

நல்லது. ஆனால் தாராவியிலும் மான்கூர்ட்டிலும் கோவண்டியிலும் நம் தலைக்கு மேல் கிடக்கும் சிமெண்ட் ஷீட்டில் இருப்பதும் அதே கல்நார்தானே! அதை உடைக்கும்போது எந்த நீதிமன்றம் வந்து நிற்கிறது?

"சிமெண்டோடு இறுகிய நார் வெளியே வராது, கட்டுப்பாட்டோடு பயன்படுத்தினால் ஆபத்தில்லை" என்கிறார்கள் ஷீட் முதலாளிகள். முழு ஷீட்டைச் சீண்டாமல் வைத்தால் தூசி குறைவு என்பது உண்மை. ஆனால் நம் குடிசையில் ஷீட் எத்தனை நாள் முழுதாக இருக்கிறது? மழைக்கு முன் துளை போடுகிறோம், அறுக்கிறோம். மறுகட்டுமானம் என்று வந்தால் காண்டிராக்டர் நாக்காவில் நிற்கும் நம் பிள்ளைகளை ஏற்றிப்போய், கையில் சம்மட்டியைக் கொடுக்கிறான். முகத்தில் கட்டுவது வியர்வை துடைத்த துண்டு! நார் கண்ணுக்குத் தெரியாது. அன்றைக்கு இருமலும் வராது. 20, 30, 40 ஆண்டு கழித்து நுரையீரல் இறுகும்; புற்றுநோய் வரும். அதற்குள் காண்டிராக்டர் எங்கே? தொழிலாளி நெல்லைச் சீமைக்குத் திரும்பி, காசநோய் என்று பெயர் வாங்கிச் செத்திருப்பான்.

1995-இல் உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை 40 ஆண்டு காக்க வேண்டும் என்றது. நோயுற்றவருக்கு 1 லட்சம் ரூபாய் இழப்பீடு என்றது. வரவேற்கிறோம். ஆனால் நாக்காக் கூலிக்குப் பதிவேடு ஏது? பெயரே எழுதாதவனுக்கு இழப்பீடு எப்படி வரும்?

1986-இல் மத்திய அரசு கல்நார்ச் சுரங்கத்துக்குப் புதுக் குத்தகை கொடுப்பதை நிறுத்தியது. ஆனால் ரஷ்யாவிலிருந்தும் கஜகஸ்தானிலிருந்தும் வரும் நாருக்குக் கதவு திறந்தே கிடக்கிறது. தோண்டினால் ஆபத்து, வாங்கினால் ஆபத்தில்லையா? 60-க்கு மேற்பட்ட நாடுகள் தடை செய்துவிட்டன. அமெரிக்காவும் 2024-இல் தடை ஆணை பிறப்பித்தது. நமக்கு மட்டும் இரும்பு நுரையீரலா?

நம் கோரிக்கை இதுதான்: குடிசையை இடிக்கும் முன் ஷீட்டை முழுதாக இறக்கவேண்டும். அந்தச் செலவு கட்டுமானக்காரருடையது. இறக்குபவர் பெயர் பதிவேட்டில் ஏறவேண்டும். தொழிற்சாலைக் கழிவுக்குத் தலோஜாவில் தனிக் கிடங்கு உண்டு. நம் கூரைக் கழிவும் அப்படிப்பட்ட இடத்துக்கே போகவேண்டும், சாக்கடை ஓரத்துக்கு அல்ல.

அதுவரை நாமே காத்துக்கொள்வோம். நல்ல நிலையில் இருக்கும் ஷீட்டைச் சீண்டாதீர்கள். எடுத்தே ஆகவேண்டுமென்றால் தண்ணீர் தெளித்து நனைத்து, ஆணியையும் போல்ட்டையும் கழற்றி, உடைக்காமல் இறக்குங்கள். மேலே மிதிக்காதீர்கள், உடைந்து உள்ளே விழுவீர்கள். கைக்குட்டை உதவாது, பி-3 வடிகட்டி உள்ள முகக்கவசம் கேளுங்கள், கொடுக்காவிட்டால் ஏறாதீர்கள். துண்டுகளைக் கெட்டிப் பிளாஸ்டிக்கில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள். காய்ந்த தூசியைப் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். உடைந்த துண்டைக் குளியலறைத் தடுப்புக்கோ பிள்ளைகள் விளையாட்டுக்கோ விடாதீர்கள். வேலைத் துணியோடு வீட்டுக்குள் நுழையாதீர்கள். கணவன் துணியைத் துவைத்தே இந்த நோய் வாங்கிய பெண்கள் பல நாடுகளில் உண்டு.

பிரெஞ்சுக் கப்பலை உடைக்கவிருந்த கூலியின் நுரையீரலும் நாக்காத் தமிழனின் நுரையீரலும் ஒன்றே. சம்மட்டியைத் தூக்கும் முன், "என் பெயரை எழுது!" என்று கேட்போம். ஒருவனாகக் கேட்டால் துரத்துவான். நாக்கா முழுவதும் கேட்டால் எழுதித்தான் ஆகவேண்டும்!