எது அநீதி? எது சட்டவிரோதம்?

தீப்பெட்டி ஆலையின் பெயரைத் தாங்கி நிற்பது எங்கள் விம்கோ நகர். ஆலைகளையும் துறைமுகத்தையும் நம்பி வாழும் குடும்பங்களே இங்கு மிகுதி. அண்மையில் ஒருநாள் மஃரிப் தொழுகைக்குப் பின் இருவர் என்னிடம் வந்தனர்.

முதலாமவர் ஒரு கிடங்கில் பணிபுரியும் இளைஞர். "ஹஜ்ரத், எங்கள் மேற்பார்வையாளர் வாய்க்கு வந்தபடி ஏசுகிறார். விடுப்புக் கேட்டால் மறுக்கிறார். இது பாகுபாடுதானே?" என்றார். "உம்மை மட்டுமா?" என்று வினவினேன். "எல்லாரையும்தான்" என்றார்.

அடுத்தவர் என் மாணவி ஒருத்தியின் தாயார். "என் பக்கத்தில் நின்று அதே பெட்டிகளைக் கட்டும் ஆணுக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல், ஹஜ்ரத். ஆணுக்குக் குடும்பப் பாரம் உண்டாம்" என்றார்.

அன்பர்களே! இளைஞருக்கு நேர்வது கொடுமை, ஐயமில்லை. விடுப்பு மறுப்பு வேறு தொழிலாளர் விதிகளுக்கு முரணாகவும் இருக்கலாம். ஆயினும் அது பாகுபாடு ஆகாது. அம்மையாருக்கு நேர்வதோ சட்டவிரோதம். ஏனெனில், அவர் செய்யும் வேலையில் குறையில்லை. அவர் பெண் என்பதே ஊதியக் குறைவுக்குக் காரணம்.

1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் இதைத் தடை செய்தது. அதன் இடத்தில் வந்துள்ள 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டமும் தடை செய்கிறது. மெக்கின்னன் மெக்கன்ஸி என்ற கப்பல் நிறுவனத்தில் சுருக்கெழுத்தராகப் பணியாற்றிய ஆட்ரி டிகோஸ்டா என்ற பெண்மணி, ஆண் சுருக்கெழுத்தர்களைவிடக் குறைந்த ஊதியம் பெற்றதை எதிர்த்து வழக்காடினார். தொழிற்சங்கத்துடன் ஒப்பந்தம் உண்டென்று நிறுவனம் வாதிட்டது. அதை 1987இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. சம ஊதியம் தருவது முதலாளியின் பணவசதியைப் பொறுத்ததன்று என்றும் தெளிவாக்கியது.

"மார்க்கத்தின் பெயரால் வேலை மறுத்தால்?" என்று நீங்கள் கேட்கலாம். அரசுப் பணியில் அரசியலமைப்பின் 16ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. தனியார் பணிக்கு அத்தகைய பொதுச் சட்டம் நாட்டில் இன்னும் இல்லை என்பது கசப்பான உண்மை. 2015இல் மும்பை வைர நிறுவனம் ஒன்று, முஸ்லிம் அல்லாதாரையே எடுப்போம் என்று ஓர் இளைஞருக்கு எழுதியே அனுப்பியது. தொழிலாளர் சட்டத்தில் வழியில்லாமல், அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தின்கீழ்தான் காவல்துறை வழக்குப் பதிந்தது. அதற்கும் அந்த எழுத்தே ஆதாரமாயிற்று.

ஆகவே, கோபப்படுமுன் மூன்றைக் கேளுங்கள். என்னைப் போன்ற வேலை செய்யும் பிறருக்கும் இதே நடத்தைதானா? வேறுபாட்டுக்குக் காரணம் என் வேலையா, என் பிறப்பா? கையில் சான்று உண்டா? ஊதியச் சீட்டு, கடிதம், தேதிக் குறிப்பு, உடன் பணிபுரிவோரின் சாட்சி ஆகியவற்றைச் சேர்த்துவைத்துத் தொழிலாளர் துறை அலுவலகத்தை அணுகுங்கள். அந்த அம்மையாருக்கும் இதையே சொல்லி, மனு எழுதிக் கொடுத்தேன்.

எழுதி முடித்ததும் அவர் கேட்டார்: "நம்மவர் கடைகளிலும் பெண்ணுக்குக் குறைத்துத்தானே கொடுக்கிறார்கள், ஹஜ்ரத்?" நான் தலைகுனிந்தேன். நிறுவையில் குறைப்பது பாவம் என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறோம். உழைத்தவளின் கூலியும் ஒரு நிறுவைதானே! பிறரிடம் நீதி கேட்குமுன், நம் கல்லாப்பெட்டியை ஒருமுறை திறந்து பார்ப்போமாக!