கலவரமா, படுகொலையா?

1983ஆம் ஆண்டு யூலை 25ஆம் திகதி வெலிக்கடைச் சிறைச்சாலையில் 35 தமிழ்க் கைதிகளும், ஒருநாள் இடைவிட்டு 27ஆம் திகதி மேலும் 18 பேரும் கொல்லப்பட்டனர். காந்தீயத் தொண்டர் வைத்தியர் இராஜசுந்தரமும் அவர்களுள் ஒருவர். இக்கொடுமையைச் ‘சிறைக் கலவரம்’ என்று எழுதுவோர் இன்றும் உளர். பூட்டிய அறைக்குள் இருந்தவன் எவ்வாறு கலவரஞ் செய்தான் என்று அவர்களைக் கேட்கிறோம்.

கலவரம் என்பதற்கு மனக்கலக்கம், குழப்பம் என்பனவே பொருள். ‘செய்தி கேட்டுக் கலவரமடைந்தான்’ என்று கூறுகிறோம். அச்சொல்லிலே கொன்றவனும் இல்லை, கொல்லப்பட்டவனும் இல்லை. புயலும் வெள்ளமும் போலத் தானே வந்து தானே ஓய்ந்த ஒன்றையே அது உணர்த்தும். 1958ஆம் ஆண்டு மே மாதத்திலே பொலனறுவையில் அரசாங்கக் கரும்புத் தோட்டத் தொழிலாளர் வெட்டி வீழ்த்தப்பட்டதும் ‘கலவரம்’ என்ற கணக்கிலேயே சேர்ந்தது. ஆட்சியாளருக்கு அச்சொல் இனிப்பதில் வியப்பில்லை.

படுகொலை என்னுஞ் சொல்லோ அவ்வாறு எவரையும் தப்பவிடாது. படுபாவி, படுகாயம் என்பவற்றிற் போல, ‘படு’ என்னும் அடை கொடுமையின் மிகுதியைக் காட்டும். ‘கொலை’ என்பது ‘கொல்’ என்னும் வினையடியாகப் பிறந்தது. வினை உண்டெனில் வினைமுதலும் உண்டு. ஆதலால் அச்சொல்லைக் கேட்டதும் ‘கொன்றவர் யார்?’ என்ற வினா எழுகின்றது.

ஆங்கிலேயர் இத்தகைய கொலையைப் ‘புச்சரி’ என்பர். ஆட்டுக்கடாவைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து ஆடறுப்பவன் பெயர் தோன்றிற்று. பின்னர் அது அவன் தொழிலுக்காகி, ஈற்றில் மனிதரை ஈவிரக்கமின்றிக் கொல்வதற்கும் ஆயிற்று. நாம் வழங்கும் ‘கசாப்பு’ அரபு மொழி வழி வந்தது. எனினும் இவ்வுவமை இறைச்சிக்கடைக்காரனுக்கு இழைக்கப்படும் அநீதி என்றே நாம் கருதுகிறோம். ஊருக்கு உணவளிக்கும் அவனை அனுமதிப்பத்திரம் இன்றித் தொழில் செய்யலாகாது என்று இந்நாட்டிலே 1893ஆம் ஆண்டிலேயே சட்டம் கட்டுப்படுத்திற்று. ஆட்டை அறுக்கவும் அனுமதி கேட்ட அரசின் காவலிலே 53 மனித உயிர்கள் பறிக்கப்பட்டன. மரண விசாரணையிலே கொலை என்ற தீர்ப்பும் கிடைத்தது. ஆயினும் குற்றவாளிக் கூண்டில் ஒருவரேனும் நிறுத்தப்படவில்லை.

சொல்லில் நேர்மை வேண்டுமென்று பிறரைக் கேட்கும் நாம், அந்நேர்மையை நம்மிடமிருந்தே தொடங்குதல் வேண்டும். 1990ஆம் ஆண்டு ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம் சகோதரர்களைத் தமிழர் கையிலிருந்த துப்பாக்கிகள் சுட்டு வீழ்த்தின. அதுவும் படுகொலையே. அதனைச் ‘சம்பவம்’ என்று மெல்லக் கூறி நகரும் தமிழனுக்கு வெலிக்கடையைப் பற்றிப் பேசும் தகுதி குறைந்துவிடும்.

இறந்தோரை எழுப்ப எந்தச் சொல்லாலும் இயலாது. ஆனால், நிகழ்ந்ததற்கு உரிய பெயரை இடாத நாட்டில் விசாரணை தொடங்குவதில்லை. விசாரணை இல்லாத இடத்தில் நீதியும் இல்லை. பாடநூலிலும் பத்திரிகையிலும் பாராளுமன்றப் பதிவேட்டிலும் படுகொலை படுகொலை என்றே எழுதப்படுக!