கைபேசியும் ஒரு மருத்துவக் கருவியே

கருப்பை வாய்ப் புற்றுநோய் திடீரென்று தாக்கும் நோயன்று. பாப்பிலோமா வைரஸ் தொற்று நீங்காமல் தங்கிவிட்டால், அங்குள்ள உயிரணுக்கள் மெல்ல மெல்ல மாறுகின்றன. அவை புற்றுநோயாக முற்றுவதற்குப் பெரும்பாலும் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்குள் கண்டுபிடித்துவிட்டால் நோயை வராமலே தடுக்கலாம்.

கண்டுபிடிக்க எளிய முறை ஒன்று உண்டு. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவினால், மாறிய உயிரணுக்கள் உள்ள இடம் ஓரிரு நிமிடங்களில் வெளுக்கும். வினிகரில் உள்ளதும் இதே அமிலந்தான். உயிரணுக்களிலுள்ள புரதம் உறைந்து ஒளியைச் சிதறடிப்பதே இந்த வெண்மைக்குக் காரணம். வெந்த முட்டையின் வெள்ளைக்கரு வெளுப்பதும் இவ்வாறே.

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியரே 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களை இம்முறையில் சோதித்தனர். தேவைப்பட்டோருக்கு உறைய வைக்கும் சிகிச்சையையும் அவர்களே அளித்தனர். சோதனை நடந்த பகுதிகளில் இந்நோயால் நேரும் இறப்பு, மற்றப் பகுதிகளைவிட 35 சதவீதம் குறைவு என 2007இல் அறிவிக்கப்பட்டது.

ஆனால், வெளுப்பதெல்லாம் நோயாகிவிடாது. வெறும் அழற்சியாலும் வெளுக்கலாம். செவிலியருக்கு ஐயம் எழுந்தால் யாரைக் கேட்பது? இங்கேதான் கைபேசி உதவுகிறது. படமெடுத்து நிபுணருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கும் முறையை ஆப்பிரிக்காவிலுள்ள போட்ஸ்வானாவில் செய்து பார்த்திருக்கிறார்கள். நம் மாவட்டத்திலும் இது வேண்டும். மணமேல்குடியிலுள்ள ஒரு தாய் புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரிக்கு வந்து திரும்பினால் ஒரு நாள் கூலி போய்விடும். படமோ நொடியில் வந்து சேரும்.

எனினும், படம் அனுப்புவதோடு வேலை முடிந்துவிடாது. அப்பெண்ணின் சம்மதம் வேண்டும். படம் யாருடைய சொந்தக் கைபேசியிலும் தங்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, சிகிச்சை தேவைப்படுபவரை மீண்டும் அழைத்துவர வேண்டும். திண்டுக்கல்லில் உயிர்களைக் காத்தது சோதனை மட்டுமன்று. அதைத் தொடர்ந்த சிகிச்சையுந்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2021 முதல் வைரஸையே கண்டறியும் சோதனையை முதன்மையாகப் பரிந்துரைக்கிறது. அச்சோதனையின் முடிவு உரியவருக்குப் போய்ச் சேரவும், வர வேண்டிய நாளை நினைவூட்டவும் கைபேசி வேண்டும். ஆகவே, கைபேசியின் சிறப்பு அதன் கேமராவில் மட்டுமில்லை. சோதனைக்கும் சிகிச்சைக்கும் இடையே ஒரு பெண்ணும் விடுபடாமல் காப்பதில்தான் இருக்கிறது.

உங்கள் அம்மாவுக்கு முப்பது வயது கடந்திருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இச்சோதனை செய்துகொண்டாரா என்று இன்றே கேளுங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை, இது அறிவியல்.